"பல் முன்னே மாதிரி சேருதா?": மக்கள் நல்வாழ்வுத் துறைக்கு ஒரு திறந்த மடல்

மக்கள் நல்வாழ்வு மற்றும் குடும்ப நலத் துறை அமைச்சர், செயலாளர், மருத்துவக் கல்வி இயக்குநர், மருத்துவம் மற்றும் ஊரக நலப்பணிகள் இயக்குநர் ஆகியோருக்கு வணக்கம்.

நான் மரவேலை செய்கிறவன். நிலை, கதவு, ஜன்னல், கட்டில், இதுதான் 26 வருடப் பிழைப்பு. மருத்துவம் படித்ததில்லை. போன வருடம் என் தம்பிக்குத் துணையாக ஓர் அரசு மருத்துவமனையின் முகத்தாடை அறுவைச் சிகிச்சைப் பிரிவில் பல நாள் தங்கினேன், அப்புறம் மாதக்கணக்கில் ஓ.பி.க்கு அலைந்தேன். அங்கே பார்த்ததையும், அங்கே போய்ச் சேருவதற்கு முன் நடந்த ஒரு பிசகையும் வைத்து உங்களிடம் ஒரு வரி கேட்க வந்திருக்கிறேன். விபத்துப் பிரிவில் எழுதும் தாளில் ஒரு வரி. எதற்கு என்று சொல்கிறேன்.

தம்பிக்கு 34 வயது. செங்கல் சூளையில் கணக்கு எழுதுகிறான். ராத்திரி ஒன்பதரைக்கு வீடு திரும்பும்போது குறுக்கே நாய் பாய்ந்து, வண்டியோடு விழுந்தான். ஹெல்மெட் போட்டிருந்தான், ஆனால் மோவாயை மறைக்காத அரை ஹெல்மெட். தலை தப்பியது. மோவாய்தான் ரோட்டில் மோதியது. 108 சீக்கிரமே வந்தது. மருத்துவமனையில் தலைக்கு சி.டி. ஸ்கேன் எடுத்தார்கள், உள்ளே ரத்தக் கசிவு இல்லை என்றார்கள். மோவாய்க் கிழிசலுக்கு ஐந்து தையல், டி.டி. ஊசி, ஒரு ராத்திரி கண்காணிப்பு. மறுநாள் மதியம் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். எந்த மருத்துவமனை என்று எழுத மாட்டேன். அன்றிரவு இருந்த டாக்டரம்மா ஒருவரே, கண் முன்னால் நான்கு விபத்து கேஸ்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். அசட்டை என்று சொன்னால் என் நாக்கு அழுகிவிடும்.

வண்டியில் ஏறும்போதே தம்பி சொன்னான்: "அண்ணே, பல்லு சேர மாட்டேங்குது."

"வீக்கம்டா. வத்தினா சரியாயிடும்" என்றேன். தையல் பிரிக்கப் போனபோது டிரெஸ்ஸிங் சிஸ்டரிடமும் சொல்லியிருக்கிறான். அவரும் அதையேதான் சொன்னார். நேற்று வரை மூடிய கதவு இன்று மூடவில்லை என்று யாராவது கூப்பிட்டால் நான் முதலில் நிலையைப் பார்ப்பேன், கீலைப் பார்ப்பேன். தானாகச் சரியாகும் என்று ஒருநாளும் சொன்னதில்லை. கூடப் பிறந்தவன் வாய்க்கு மட்டும் அப்படிச் சொல்லிவிட்டேன்.

23 நாள் அவன் இட்லியைச் சாம்பாரில் ஊறப்போட்டு விழுங்கினான். வீக்கம் வற்றியது. பின்பற்கள் மட்டும் முட்டின, முன்பற்களுக்கு நடுவே சுண்டுவிரல் போகிற இடைவெளி. கடைசியில் எங்கள் ஊரில் கிளினிக் வைத்திருக்கும் ஒரு பல் டாக்டரிடம் கூட்டிப்போனேன். அவர் நாற்காலியில்கூட உட்கார வைக்கவில்லை. "கடிங்க" என்றார். இரண்டு காதுக்கும் முன்னால் விரலை வைத்து "திறங்க, மூடுங்க" என்றார். ஓ.பி.ஜி. எக்ஸ்ரே எடுத்து வரச் சொன்னார். தாடை முழுவதையும் விரித்துக் காட்டும் படம் அது. மூன்று இடத்தில் உடைந்திருந்தது. மோவாய்க்குச் சற்று இடப்பக்கம் ஒன்று, இரண்டு காதுக்கும் முன்னால் தாடை மூட்டின் கழுத்தில் ஒவ்வொன்று.

கீழ்த்தாடை லாடம் மாதிரி ஒரே எலும்பு, இரண்டு முனையும் மண்டையோட்டில் மாட்டியிருக்கிறது. நுனியில் விழுகிற அடி வளைவு வழியாக ஏறி, மெல்லிசாக இருக்கும் மூட்டுக் கழுத்தில் போய் உடைக்கும். வெகு நேரம் அணிவகுப்பில் நின்று மயங்கி, மோவாய் தரையில் பட விழுகிற சிப்பாய்களுக்கு இப்படி மூன்று இடத்தில் உடைவது உண்டு என்பதால் இதற்குக் காவல் வீரர் முறிவு என்றே பெயராம். மோவாயில் தையல் போட்டால் காது முன்னாலும் தொட்டுப் பார்க்க வேண்டும் என்பது பாடப் புத்தகத்தில் இருக்கிற விஷயம் என்று பிறகு தெரிந்தது.

அங்கிருந்து மருத்துவக் கல்லூரி மருத்துவமனை. முகத்தாடைப் பிரிவு எங்கே என்று மூன்று பேரிடம் கேட்டேன். ஒருவர் காது மூக்கு தொண்டைக்கு அனுப்பினார், ஒருவர் எலும்பு முறிவுக்கு. மூன்றாமவர், "தாடையா? பல்லுக்குப் பின்னாடி போங்க" என்றார். அவர் சொன்னது பல் பிரிவுக் கட்டடத்தின் பின்பக்கம். அங்கேதான் இருந்தது. பலகை ஆங்கிலத்தில், இரண்டு ஆணியில் ஒன்று கழன்று சாய்ந்து தொங்கியது.

அங்கே இருந்த பெரிய டாக்டர் படத்தைப் பார்த்ததும் கேட்டது: "விழுந்து எத்தனை நாள் ஆச்சு?" 23 என்றதும் கொஞ்ச நேரம் பேசவில்லை. இரண்டு வாரத்துக்குள் வந்திருந்தால் உடைந்த துண்டுகளை நகர்த்திப் பொருத்துவது எளிது. இப்போது மோவாய் எலும்பு கோணலாகவே கூட ஆரம்பித்துவிட்டது. கூடியதை மறுபடி பிரிக்க வேண்டும். வலப்பக்க மூட்டுக் கழுத்தை வெளியிலிருந்து திறக்க வேண்டும். அந்த வழியில்தான் முகத்தை அசைக்கும் நரம்பு போகிறது, பத்திரமாகப் பார்த்துக்கொள்வோம் என்றார்.

அறுவைக்கு முந்தின நாள் அங்கே முதுகலை படிக்கும் ஒரு பையன் ஓ.பி. சீட்டின் பின்பக்கத்தில் எனக்குப் படம் வரைந்து விளக்கினான். பையன் என்று சொன்னாலும் ஐந்து வருடம் பல் மருத்துவம் படித்து, அதற்குமேல் மூன்று வருடம் இந்த அறுவைக்கென்றே படிப்பவன். மயக்க மருந்துக் குழாயை வாய் வழியாக விட்டால் பல்லைச் சேர்த்துப் பார்க்க முடியாது, அதனால் மூக்கு வழியாக விடுவார்கள். அப்புறம் மேல் பல்வரிசையிலும் கீழ் பல்வரிசையிலும் வளைத்த உலோகப் பட்டையை மெல்லிய கம்பியால் கட்டி, இரண்டையும் சேர்த்துப் பூட்டுவார்கள். பல் பழைய இடத்தில் உட்கார்ந்த பிறகுதான் உடைந்த எலும்பில் டைட்டானியம் தகடு வைத்துத் திருகு போடுவார்கள். மோவாய்ப் பக்கம் எலும்பு முறுக்கும், அதனால் அங்கே இரண்டு தகடு. எலும்பைப் பார்த்துப் பல்லைச் சேர்ப்பதில்லை, பல்லைச் சேர்த்துவிட்டு எலும்பைப் பொருத்துகிறார்கள். எனக்கு அப்போதுதான் மனசு தெளிந்தது. நாங்களும் கதவை நிலையில் நிறுத்தி, நாலு பக்கமும் சந்து சரியா என்று பார்த்த பிறகுதான் கீலுக்குத் திருகு முடுக்குவோம்.

அறுவை நன்றாக முடிந்தது. இடப்பக்க மூட்டைத் திறக்காமல், சில வாரம் ரப்பர் வளையம் மாட்டி இழுத்தே சரிக்குக் கொண்டுவந்தார்கள். முதல் சில நாள் வாய் பூட்டியே இருந்தது. கட்டில் கம்பியில் ஒரு சின்ன கட்டிங் பிளேயரை பிளாஸ்டர் போட்டு ஒட்டி வைத்தார் ஸ்டாஃப் நர்ஸ். வாந்தி வந்தாலோ மூச்சுத் திணறினாலோ எந்தக் கம்பியை வெட்ட வேண்டும் என்று என்னைத் தொட்டுக் காட்டச் சொன்னார், இரண்டு தரம். அதை வெட்டும் நிலை வரவில்லை. ஆனால் மூன்று ராத்திரி நான் தூங்கவில்லை. சாப்பாடு எல்லாம் கடைவாய்ப் பல்லுக்குப் பின்னால் இருக்கும் சந்து வழியாக, சிரிஞ்சில். கேழ்வரகுக் கூழ், வேட்டித் துணியில் வடிகட்டிய ஆட்டுக்கால் சூப், மோர். 7 கிலோ இறங்கிவிட்டான்.

சரி, ஒரு ஆளுக்கு நேர்ந்ததற்காகத் தாளையே மாற்ற வேண்டுமா என்று நீங்கள் கேட்கலாம். அந்த வார்டில் வேறு யார் யார் இருந்தார்கள் என்று சொல்லிவிடுகிறேன்.

எங்களுக்கு எதிர்க்கட்டிலில் ஒரு சிறுமி, ஒன்பது வயது. வாய் திறக்கவே திறக்காது. முன்பல்லுக்கு நடுவே ஒரு தோசைத் துண்டைக்கூடத் தள்ள முடியாது, கரைத்துத்தான் கொடுப்பார்கள். மோவாய் வளராமல் உள்ளே போய், பக்கவாட்டில் பார்த்தால் பறவை முகம் போலிருந்தது. ராத்திரி அவள் விடும் குறட்டை பெரியவர்கள் குறட்டையைவிடப் பலமாக இருக்கும். தாடை சின்னதாக இருப்பதால் நாக்குக்கு இடமில்லாமல் மூச்சுவழி அடைக்கிறது என்றார்கள். மூன்று வயதில் ஊஞ்சலிலிருந்து விழுந்தாளாம். மோவாயில் மூன்று தையல். மூட்டு உடைந்ததை யாரும் பார்க்கவில்லை. குழந்தைகளுக்கு அந்த இடத்தில் ரத்தம் கட்டி, எலும்பாகவே இறுகி, தாடை மண்டையோட்டோடு ஒட்டிப்போக வாய்ப்பு அதிகம். அப்போதே கண்டிருந்தால் பெரும்பாலும் கத்தியே வேண்டாம், வாயைத் திறந்து மூடிப் பழக்கும் பயிற்சியே போதும் என்று பெரிய டாக்டர் சொன்னார். இப்போது ஒட்டிய எலும்பை வெட்டியெடுத்து, விலா எலும்பின் குருத்து முனையை எடுத்து மூட்டாக வைக்க வேண்டும். அவள் அம்மா என்னிடம் கேட்டது இன்னும் காதில் இருக்கிறது: "அன்னிக்கி ஒரு தடவ வாயத் தெறன்னு யாராச்சும் சொல்லியிருக்கக் கூடாதாண்ணே?"

பெண்கள் பகுதியில் ஒரு அம்மா இருந்தார். குளியலறையில் வழுக்கி விழுந்தேன் என்றார். இடக் கடைவாய்ப் பக்கம் தாடை உடைந்திருந்தது. பெரிய டாக்டர் கூட இருந்த மாமியாரை மருந்துச் சீட்டு கொடுத்துக் கீழே அனுப்பிவிட்டு, பெண் டாக்டரை விட்டுத் தனியாகக் கேட்கச் சொன்னார். வலக்கைக்காரன் எதிரே நின்று அடித்தால் இடத்தாடையில்தான் விழும் என்பது அந்தப் பிரிவில் எல்லோருக்கும் தெரியும். அதற்குமேல் எனக்குத் தெரியாது, தெரிந்துகொள்ளவும் கூடாது. ஒன்று மட்டும் சொல்கிறேன். எலும்போ பல்லோ முறிந்தால் அது கொடுங்காயம் என்கிறது சட்டம். முன்பு இந்திய தண்டனைச் சட்டத்தில் 320ஆம் பிரிவு, இப்போது பாரதிய நியாய சன்ஹிதாவில் 116. விபத்துப் பதிவேட்டில் முதல் ராத்திரி "கன்னத்தில் வீக்கம்" என்று மட்டும் எழுதினால், அந்தக் காகிதத்தில் அது சாதாரணக் காயம்தான். "பல் சேரவில்லை" என்று ஒரு வரி இருந்தால் எக்ஸ்ரே எடுத்தாக வேண்டும். எடுத்து முறிவு தெரிந்தால் அது கொடுங்காயம். அந்த அம்மா வாய் திறந்து சொல்ல முடியாததை அந்த வரி சொல்லும்.

மற்றவர்களும் இருந்தார்கள். குட்கா போட்டுப் போட்டு வாயின் உள்தோல் நார் பிடித்து இறுகிப்போன லாரி கிளீனர் ஒருவர். தன் விரல் மூன்றை நிறுத்திச் செருகினால் வாய்க்குள் போக வேண்டும், அவருக்கு ஒன்று போவதே கஷ்டம். 2013இலேயே இங்கே தடை செய்த சரக்கு, அவர் சட்டைப்பையில் அன்றும் ஒரு பொட்டலம் இருந்தது. 2021இல் கொரோனா இரண்டாம் அலையில் கருப்புப் பூஞ்சை வந்து மேல்தாடையை எடுத்தவர் ஒருவர் ஓ.பி.க்கு வருவார். அண்ணத்தை அடைக்கும் செயற்கைத் தகட்டைக் கழற்றினால் அவர் பேசுவது நமக்குப் புரியாது, குடித்த தண்ணீர் மூக்கில் வரும். அந்த மாதங்களில் இந்தப் பிரிவுக்காரர்கள் ராத்திரி பகல் பாராமல் மேல்தாடை எடுத்துக்கொண்டிருந்தார்கள் என்பதை வெளியே எத்தனை பேருக்குச் சொன்னோம்?

ஒரு நாள் ராத்திரி சர்க்கரை நோய் உள்ள பெரியவர் ஒருவரைக் கொண்டுவந்தார்கள். கீழ்க் கடைவாய்ப் பல்லில் நான்கு நாளாக வலி, கடையில் மாத்திரை வாங்கிப் போட்டிருக்கிறார். கழுத்து தவளை மாதிரி உப்பி, நாக்கு மேலே தள்ளி, எச்சில் ஒழுக, படுக்க முடியாமல் முன்னால் குனிந்து உட்கார்ந்திருந்தார். 1836இல் லுட்விக் என்ற ஜெர்மன் டாக்டர் எழுதிவைத்த நோய், அவர் பெயரிலேயே வழங்குகிறது. கழுத்தில் துளை போட்டு மூச்சுக்கு வழி செய்து, தாடைக்குக் கீழே கீறிச் சீழை வெளியேற்றி, கடைசியில் அந்தப் பல்லைப் பிடுங்கினார்கள். பிழைத்தார். ஒரு பல் ஆளையே கொண்டுபோகும் என்று நான் அன்றுதான் கண்ணால் பார்த்தேன். அன்று முகத்தாடை டாக்டர் ராத்திரி இருந்தது தற்செயல். வேறொரு கேஸுக்காக நின்றிருந்தார்.

இதைத்தான் உங்களிடம் சொல்ல வேண்டும். நான் இருந்த இடத்தில் விபத்துப் பிரிவுச் சுவரில் எல்லாத் துறை டாக்டர்களின் ராத்திரி அழைப்பு எண்ணும் ஒட்டியிருந்தது. நரம்பியல் இருந்தது, எலும்பு இருந்தது, கண் இருந்தது, காது மூக்கு தொண்டை இருந்தது. முகத்தாடை இல்லை. பல் டாக்டருக்கு ராத்திரியில் என்ன வேலை என்று நினைத்திருப்பார்கள். மேல்முகம் உடைந்தால் கண்குழியோடு உடையும், சில சமயம் மூளையைச் சுற்றிய நீர் மூக்கு வழியாகச் சொட்டும். 1901இலேயே ரெனே லெ ஃபோர் என்ற பிரெஞ்சுக்காரர் பிணங்களின் முகத்தில் அடி கொடுத்து ஆராய்ந்து, மேல்முகம் எந்தெந்தக் கோட்டில் பெயரும் என்று மூன்று வகையாகப் பிரித்து வைத்திருக்கிறார். அதைக் கண்டுபிடிக்கவும் முதல் சோதனை மேல் பல்வரிசையைப் பிடித்து ஆட்டிப் பார்ப்பதுதானாம். சுற்றிச் சுற்றிப் பல்லிடமே வருகிறது.

நீங்கள் ஒன்றும் செய்யவில்லை என்று எழுதினால் பொய். 108 இல்லாவிட்டால் தம்பி ரோட்டிலேயே கிடந்திருப்பான். சாலை விபத்தில் அடிபட்டவருக்கு முதல் 48 மணி நேரச் சிகிச்சையை இலவசமாகத் தருகிற, 2021 டிசம்பரில் தொடங்கிய 'இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48' திட்டம் எத்தனையோ குடும்பங்களைக் கடனிலிருந்து காப்பாற்றியிருக்கும். பல் மருத்துவக் கல்லூரிக்குச் சென்னையில் 1953இலேயே அரசு வழி செய்தது, இப்போது சிதம்பரம், புதுக்கோட்டை என்று விரிந்திருக்கிறது. ஆளைப் படிக்க வைத்தாயிற்று. அவர்களை ராத்திரியில் கூப்பிடவும் வேண்டும். 48 என்ற எண்ணை நீங்களே வைத்திருக்கிறீர்கள். அந்த 48 மணி நேரத்துக்குள் ஒரு ஆள் என் தம்பியிடம் "கடிடா தம்பி" என்று சொல்லியிருந்தால் கூடிய எலும்பை உடைக்க வேண்டி வந்திருக்காது.

அதனால் கேட்பது இது. முகத்திலோ மோவாயிலோ அடிபட்டு வருகிற ஒவ்வொருவருக்கும் எழுதும் விபத்துப் பதிவேட்டுத் தாளில் ஒரு வரி அச்சடியுங்கள்: "பல் முன்போல் சேருகிறதா? வாய் முன்போல் திறக்கிறதா?" பக்கத்தில் ஆம், இல்லை, கேட்க முடியவில்லை என்று மூன்று கட்டம். மயக்கத்தில் இருப்பவரிடமும் நிறைபோதையில் வந்தவரிடமும் கேட்க முடியாது, தெரியும். அவர்களுக்கு மூன்றாவது கட்டத்தில் டிக் அடித்துவிட்டு, விழித்ததும் கேட்கட்டும். உயிரைக் காப்பாற்றுகிற நேரத்தில் பல்லா என்று கோபப்பட வேண்டாம். உயிரைக் காப்பாற்றிய பிறகு, வீட்டுக்கு அனுப்புவதற்கு முன் கேட்டால் போதும். 'இல்லை' என்று விழுந்தால் கூப்பிட ஒரு எண் அதே சுவரில் இருக்க வேண்டும், எலும்பு முறிவு டாக்டருடைய எண்ணுக்குப் பக்கத்தில்.

இன்னொன்றையும் அந்த முதுகலைப் பையன் சொல்லச் சொன்னான், 108 பணியாளர்களுக்குப் பயிற்சியில் அழுத்திச் சொல்ல வேண்டுமாம். மோவாய் இரண்டு பக்கமும் உடைந்தவரை மல்லாக்கப் படுக்க வைத்தால் நாக்கு பின்னால் சரிந்து மூச்சை அடைக்கும். கழுத்தில் அடி இல்லாமல், நினைவோடு இருந்து, எழுந்து உட்காரத் துடிக்கிறார் என்றால் அமுக்கிப் படுக்க வைக்கக் கூடாது, குனிந்து உட்கார விட வேண்டும். அவர் உடம்பு அவருக்கு வழி சொல்கிறது.

அறுவைக்கூடத்தில் முகத்தாடைக்கு வாரத்தில் கிடைக்கிற மேசை எத்தனை நாள், மற்ற துறையின் அவசரம் வந்தால் எத்தனை தரம் தள்ளிப்போகிறது என்பதை நான் எழுதுவதைவிட நீங்களே பதிவேட்டை எடுத்துப் பார்ப்பது நல்லது. தம்பிக்கு இரண்டு தடவை தள்ளிப்போனது. இரண்டு தடவையும் காலை வரை பட்டினி.

தம்பி இப்போது சூளைக்குப் போகிறான். முறுக்கு கடிக்கிறான், சத்தம் கேட்க வேண்டும் என்று வேண்டுமென்றே பக்கத்தில் வந்து கடிக்கிறான். இடப்பக்கக் கீழ் உதட்டில் மட்டும் உணர்ச்சி இன்னும் முழுசாக வரவில்லை. சாப்பிடும்போது ஒரு பருக்கை ஒட்டிக்கொண்டிருந்தால் தெரியாது. அவன் மகள் எட்டித் துடைத்துவிடுவாள், அவளுக்கு அது விளையாட்டு.

கடைசியாக ஒரு சொந்த விண்ணப்பம். அந்தச் சாய்ந்த பலகையைப் பார்த்த நாளிலிருந்து எனக்குக் கை பொறுக்கவில்லை. தேக்கில் நாலடிப் பலகை ஒன்று இழைத்து, எழுத்துச் செதுக்கி, வார்னிஷ் அடித்துப் பட்டறையில் வைத்திருக்கிறேன். "முகம், தாடை, வாய் அறுவைச் சிகிச்சைப் பிரிவு. விபத்தில் முகம் அடிபட்டவர்கள் இங்கே வரவும்" என்று தமிழில். பெரிய டாக்டரிடம் சொன்னேன். சிரித்தார், சந்தோஷம்தான், ஆனால் மாட்ட மேலிடத்து அனுமதி வேண்டும் என்றார். மேலிடம் நீங்கள்தான் என்பதால் இங்கேயே கேட்டுவிடுகிறேன். அனுமதி வந்தால் ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்து மாட்டிவிட்டுப் போகிறேன். கூலி வேண்டாம். ட்ரில் மெஷினும் நானே கொண்டு வருகிறேன், ஒரு பிளக் பாயின்ட் மட்டும் காட்டச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
தாடை உடைந்தவனின் அண்ணன்